குடித்த பின் பார்வை தடுமாறுவது ஏன்?

மது அருந்திக்கொண்டிருக்கும் ஒருவர் இரவு பத்து மணிக்கு, எதிரே நிற்பவர் இரண்டு இரண்டாகத் தெரிகிறார் என்று சொல்கிறார். வேறொருவர், குடித்த மறுநாள் பிற்பகலில், கண் முன்னே புகை போட்டதுபோல இருக்கிறது என்கிறார். கேட்பவர் காதில் இரண்டும் ஒரே புகாராகத்தான் விழும். வீட்டிலும் தெருவிலும் இரண்டையும் குடியால் வந்த கோளாறு என்றே பேசிக்கொள்வார்கள். ஆனால் முதலாமவருக்கு நடந்திருப்பது, கண்களை இயக்கும் மூளைப் பகுதி சில மணி நேரம் மந்தப்பட்டிருப்பது மட்டுமே. தூங்கி எழுந்தால் அது தானாகச் சரியாகிவிடும். இரண்டாமவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் அவருடைய பார்வை மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. பார்வைக் கோளாறு எந்த நேரத்தில் தொடங்கியது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். போதை ஏறும்போது வந்து, போதை இறங்கும்போது போய்விடும் தடுமாற்றம் ஒரு வகை. போதை தெளிந்த பிறகு புதிதாக வருவதும், தெளிந்த பிறகும் போகாமல் நிற்பதும் முற்றிலும் வேறு வகை. குடிப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைத்தான், நேற்றைய போதை இன்னும் இறங்கவில்லை என்று எண்ணிக் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டாகத் தெரிவது

நாம் உலகத்தை இரண்டு கண்களால் பார்த்தாலும் ஒரே காட்சியாகக் காண்பதற்குக் காரணம், இரு கண்களும் ஒரே புள்ளியைக் குறிபார்த்து நிற்பதுதான். கண்ணுக்கு ஆறு தசைகள் வீதம் பன்னிரண்டு தசைகள் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை மூளைத்தண்டிலிருந்து வரும் நரம்புகள் இயக்குகின்றன. அந்த இயக்கத்தின் நுட்பமான திருத்தங்களைச் சிறுமூளை கவனித்துக்கொள்கிறது. ஒரு கண் இம்மியளவு விலகினாலும் மூளை அதைக் கண்டுபிடித்து நொடியில் நேர்ப்படுத்திவிடும். இந்தத் திருத்தம் ஓயாமல் நடந்துகொண்டிருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் மிக விரைவில் பாதிக்கும் இடங்களுள் சிறுமூளையும் ஒன்று. நடை தள்ளாடுவதற்கும், நாக்குக் குழறுவதற்கும், காட்சி இரண்டாகப் பிரிவதற்கும் பொதுவான மூலம் இதுவே. குடித்தவர் தூரத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது அவருடைய கண்கள் இருக்க வேண்டியதைவிடச் சற்று உள்நோக்கிச் சாய்கின்றன. அருகில் இருப்பதைப் பார்க்கும்போது, உள்நோக்கிக் குவிய வேண்டிய கண்கள் போதிய அளவு குவிவதில்லை. சிறு விலகலாக இருக்கும்வரை மூளை எப்படியோ இரு பிம்பங்களையும் இழுத்துப்பிடித்து ஒன்றாக்கிக் காட்டுகிறது. ரத்தத்தில் எத்தனாலின் அளவு ஏற ஏற, விலகல் கூடுகிறது, இழுத்துப்பிடிக்கும் திறனோ குறைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எதிரே வரும் ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டாகிவிடுகிறது.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. மிதமாகக் குடித்த ஒருவரை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் அவர் ஏறக்குறைய வழக்கம்போலவே படித்துவிடுவார். அதாவது கண்ணின் கூர்மை பெரிதாகக் கெடவில்லை. இரு கண்களின் ஒத்துழைப்புதான் கெட்டிருக்கிறது. இதை அவரவரே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடியதும் இரட்டைக் காட்சி மறைந்துவிட்டால் கோளாறு கண்களின் ஒருங்கிணைப்பில் இருக்கிறது. ஒரு கண்ணால் பார்க்கும்போதும் பிம்பம் இரட்டையாக, நிழல் படிந்ததுபோலத் தெரிந்தால் அதற்குக் காரணம் அந்தக் கண்ணிலேயே, பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்திலோ கருவிழியிலோ கண்புரையிலோ இருக்கிறது. அதை மதுவின் கணக்கில் எழுதிவிட்டு இருந்துவிடக் கூடாது.

சிலருக்கு மட்டும் ஒரே ஒரு பெக்கிலேயே காட்சி பிரிந்துவிடும். இவர்களில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே மறைவான மாறுகண் இருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை அதைச் சமாளித்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கே அது தெரிந்திராது. மது அந்தச் சமாளிப்பைத் தளர்த்தியதும் ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நாளடைவில், குடிக்காத நாட்களிலும் சோர்வாக இருக்கும்போது காட்சி பிரியத் தொடங்கலாம் என்பதால், ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

நிற்கும் பொருளைப் பார்ப்பதைவிட ஓடும் பொருளைப் பார்ப்பது இன்னும் சிக்கலான வேலை. சாலையைக் கடக்கும் ஒருவரை நம் கண் வழுக்கிச் செல்வதுபோலத் தொடர்ந்து பின்தொடர்கிறது. குடித்தவரின் கண்ணால் அப்படி வழுக்கிச் செல்ல முடிவதில்லை; பின்தங்குவதும் தாவிப் பிடிப்பதுமாகத் துண்டு துண்டாகப் போகிறது. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பார்வை தாவும் வேகமும் குறைகிறது. விழியை ஓரமாக நிறுத்திப் பிடிக்கச் சொன்னால் அது நடுவை நோக்கி மெல்ல நழுவுவதும், வெடுக்கென்று திரும்பி வருவதுமாக நடுங்கும். இந்த நடுக்கத்துக்கு மருத்துவத்தில் நிஸ்டாக்மஸ் என்று பெயர்.

அமெரிக்கக் காவல்துறை இந்த நடுக்கத்தையே சாட்சியாகப் பயன்படுத்துகிறது. தெற்குக் கலிஃபோர்னியா ஆராய்ச்சி நிறுவனம் 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் செய்த ஆய்வுகளின் அடிப்படையில், சாலையோரத்தில் ஓட்டுநரை நிறுத்தி, ஒரு பேனாவை அவர் முகத்துக்கு எதிரே பக்கவாட்டில் நகர்த்தி, விழி எந்தக் கோணத்தில் நடுங்கத் தொடங்குகிறது என்று பார்க்கும் முறை அங்கே தரப்படுத்தப்பட்டது. நேரே பார்க்கும் நிலையிலிருந்து 45 பாகை போவதற்கு முன்பே நடுக்கம் தொடங்குவது போதைக்கான அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடோயின் போன்ற மாத்திரைகளும் இதே நடுக்கத்தை உண்டாக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது. நம் ஊரில் ஊதச் சொல்லும் கருவியைத்தான் நம்புகிறார்கள், அது நியாயமும்கூட.

எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாஸ்மாக் கடையில் விற்கும் ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சொன்னால் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில், இரவு பத்து மணியளவில் அதை விரைவாகக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 120, 130 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். கல்லீரல் அதை மணிக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் இறக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வண்டி ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பான 30 மில்லிகிராமுக்குக் கீழே அவர் இறங்குவதற்குள் விடியற்காலை ஐந்து மணி ஆகிவிடும். மோரோ எலுமிச்சைச் சாறோ குளிர்ந்த தண்ணீரோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காட்சி ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டது என்பதற்காகத் தெளிந்துவிட்டதாக நினைப்பவர்கள், ஓடும் பொருளைப் பின்தொடரும் திறன் இன்னும் திரும்பாத நிலையில்தான் நான்கு மணிக் காய்கறி வண்டியை எடுக்கிறார்கள்.

படுத்தால் சுற்றும் அறை

நிற்கும்போது ஓரளவு சரியாக இருந்தவருக்கு, பாயில் தலையைச் சாய்த்ததும் அறையே சுழல்வதுபோலத் தோன்றும். கண்ணைத் திறந்தால் மின்விசிறியும் சுவரும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். பார்வைக் கோளாறாகத் தெரிந்தாலும் இதற்குக் காரணம் கண்ணல்ல, காது.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நிரம்பியிருக்கும் திரவத்துக்குள் கூழ் போன்ற சிறு மடல் ஒன்று நிற்கிறது. தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி அந்த மடலை வளைக்கிறது. மடல் வளைவதை வைத்து, தலை சுழல்கிறது என்று மூளை அறிகிறது. மடலும் திரவமும் ஒரே அடர்த்தி கொண்டவை. அதனால் தலையை எந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்தாலும் மடல் மிதப்பதுமில்லை, தாழ்வதுமில்லை. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. மடல் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு அருகில் இருப்பதால் ஆல்கஹால் திரவத்துக்குள் போவதற்கு முன்பே மடலுக்குள் புகுந்துவிடுகிறது. லேசாகிப்போன மடல், படுத்த நிலையில் மேல்நோக்கி மிதந்து வளைகிறது. தலை அசையாமல் கிடக்கும்போதே, அது சுழல்வதாகச் செய்தி போகிறது, கண்கள் அந்தச் செய்தியை நம்பி எதிர்த்திசையில் நகர்ந்து திரும்புகின்றன, அறை சுற்றுகிறது.

சில மணி நேரத்தில் திரவத்திலும் ஆல்கஹால் ஊறி இரண்டும் சமமாகும். அப்போது சுழற்சி நின்றுவிடும். விடியும் நேரத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் குறையும்போது, மடலிலிருந்து அது முதலில் வெளியேறிவிடுகிறது. திரவத்தில் இன்னும் தங்கியிருக்கிறது. இப்போது மடல் கனமானது. அறை மறுபடியும் சுற்றத் தொடங்குகிறது, இம்முறை எதிர்ப்பக்கமாக. தண்ணீரைவிடக் கனமான கனநீரை மனிதர்களுக்குக் குடிக்கக் கொடுத்தால், படுத்த நிலையில் வரும் இந்த விழி நடுக்கம் தலைகீழாக வருகிறது என்பதையும், கனநீரையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன என்பதையும் 1974ஆம் ஆண்டில் மனி, மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியபோது இந்த விளக்கம் உறுதிப்பட்டது. இவ்வளவு எளிய இயற்பியல், இவ்வளவு பெரிய தலைச்சுற்றலை உண்டாக்குவது எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

காலையில் ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்று குடிப்பவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு மட்டும் உண்மை உண்டு. புதிதாக வந்த ஆல்கஹால் கனத்த மடலை மீண்டும் லேசாக்குவதால் சுழற்சி அடங்கும். ஆனால் அது கடனைக் கடன் வாங்கி அடைக்கும் வேலை. ஆல்கஹால் மறுபடி வெளியேறும்போது அதே தொல்லை திரும்பும். படுத்தவாறே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வது பலருக்குக் கைவந்த உத்தி. தரையின் உறுதி பாதத்தின் வழியே மூளைக்குப் போவதால், காது சொல்லும் பொய்யின் வலு கொஞ்சம் குறைகிறது.

மறுநாள் காலையில் கண் கூசுவதும், எரிவதும், எழுத்து மங்கலாகத் தெரிந்து கண்ணைச் சிமிட்டியதும் தெளிவதும் பெரும்பாலும் வறட்சியின் விளைவுகள். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது. குடித்தவரின் கண்ணீரிலேயே ஆல்கஹால் கலந்திருப்பதும், அதனால் கருவிழியை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலம் விரைவில் உடைவதும் ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்டுள்ளன. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் கூடுதலாகத் தெரிவதற்கும் இந்தப் படலம் குலைவது ஒரு காரணம். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. மற்றவர்களுக்குத் தண்ணீரும் ஓய்வும் போதும்.

மது தூண்டிவிடும் வேறு நோய்கள்

இதுவரை சொன்னவை எத்தனால் நேரடியாகச் செய்பவை. எத்தனால் ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்து, பின்னால் வேறொரு நோய் நிற்கும் நிலைகளும் உண்டு. அவற்றுள் ஆபத்துக் குறைந்தது ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் காட்சி. பார்வையின் ஒரு பக்கத்தில் மின்னும் வளைகோடு ஒன்று தோன்றி, கோட்டை மதில்போல முனை முனையாக விரிந்து, இருபது முப்பது நிமிடத்தில் ஓரமாகப் போய் மறையும். பிறகு மண்டை இடிக்கத் தொடங்கும். சிலருக்கு மது, குறிப்பாக சிவப்பு ஒயின், இதைக் கிளப்பிவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களின் நிலை இப்படி இலேசானதல்ல. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையில் இறங்கிய கல்லீரலால் அதைச் செய்ய முடியாது. மாத்திரையும் போட்டு, இரவு உணவையும் தவிர்த்து, சைடு டிஷ்ஷை மட்டும் கொறித்துவிட்டுப் படுத்தவருக்கு நள்ளிரவுக்குப் பிறகு சர்க்கரை சட்டென்று விழும். பார்வை மங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், ஆள் உளறுவார். பார்க்கிறவர்களுக்கு இவை எல்லாமே போதையின் அடையாளங்கள்தாம். அவரைத் தூங்கவிட்டுப் போய்விடுவார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றுக்காக உயிர்கள் போகின்றன.

மூன்றாவது, இதயத்தின் வழியாக வருவது. வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் அளவு மீறிக் குடித்தவர்கள், இதய நோய் என்று எதுவும் முன்பு இல்லாதிருந்தும், தாறுமாறான இதயத் துடிப்போடு மருத்துவமனைக்கு வருவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கர் 1978ஆம் ஆண்டில் எழுதினார். அந்தத் துடிப்பில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த துணுக்கு ஒன்று விழித்திரைக்குப் போகும் தமனியில் சிக்கினால் ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோலப் பார்வை மறையும். சில நிமிடங்களில் திரும்பியும் வந்துவிடலாம். வலி இருக்காது. திரும்பி வந்துவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் இதில் பெரிய தவறு, ஏனெனில் அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மறைந்து திரும்புவதைப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

தெளிந்த பின்னும் நீங்காதவை

நாள்தோறும் குடிப்பவர்களிடம் கதை வேறு விதமாகப் போகிறது. அவர்களுக்கு மதுவைவிட, மதுவுக்காக விட்டுவிட்ட சாப்பாடு கண்ணைக் கெடுக்கிறது. பி1 எனப்படும் தயமின் உயிர்ச்சத்தை நம் உடலால் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. தீட்டிய அரிசியில் அது குறைவு. ஆல்கஹால் குடலில் அது உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இருப்புத் தீர்ந்ததும் கண்ணை இயக்கும் நரம்புகளின் மூளைத்தண்டு மையங்கள் முதலில் அடிபடுகின்றன. காட்சி இரண்டாகும், விழி நடுங்கும் அல்லது ஒரு பக்கம் திரும்ப மறுக்கும், நடை அகன்று தள்ளாடும், மனம் குழம்பும். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881ஆம் ஆண்டில் மூன்று நோயாளிகளிடம் கண்டு விவரித்த நோய் இது; அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இரண்டாகத் தெரிவது, தள்ளாடுவது, குழம்புவது என்ற இந்த மூன்றையும் ஒரு குடிகாரரிடம் பார்த்தால் யாருக்கும் நோய் என்று தோன்றாது. அவர் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டால் மட்டுமே உண்மை வெளிப்படும். நேற்று முன்தினத்திலிருந்து ஒரு சொட்டும் தொடாதவருக்கு இன்று விழி நடுங்குகிறது என்றால் அது போதையாக இருக்க முடியாது. தயமினை ஊசியாக ஏற்றினால் விழியின் அசைவு சில மணி நேரத்திலேயே திரும்பத் தொடங்கும். மருத்துவத்தில் இவ்வளவு விரைவாகக் கண்ணெதிரே பலன் தெரியும் சிகிச்சைகள் குறைவு. தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுவது நம்மிடையே வழக்கம். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி நோய் முற்றலாம் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்குத் தயமினை முன்பாகவோ கூடவேயோ கொடுத்துவிடுகிறார்கள்.

குடியைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு ஓரிரு நாளில் இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரிவதும் இதே கால எல்லைக்குள் வருவதுதான். காலில் எலும்பு முறிந்து வார்டில் சேர்க்கப்பட்ட ஒருவர், மூன்றாம் நாள் படுக்கை விரிப்பிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிவதை அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் நன்கு அறிவார்கள். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

இவற்றைவிட மெதுவாக, வாரக்கணக்கில் வருவது பார்வை நரம்பின் வாட்டம். இரு கண்களிலும் நடுப்பார்வை கலங்கும். சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். முகங்கள் அடையாளம் தெரியாமல் போகும். குடியோடு பீடியோ சிகரெட்டோ சேர்ந்து, பி12, ஃபோலிக் அமிலம், தயமின் ஆகியவை குறைந்தவர்களிடம் இது அதிகம். சோவியத் ஒன்றியம் சரிந்த பின் உணவுத் தட்டுப்பாட்டில் சிக்கிய கியூபாவில், 1991க்கும் 1993க்கும் இடையே 50,000க்கும் மேற்பட்டவர்கள் பார்வை நரம்பு, கைகால் நரம்புப் பாதிப்புகளுக்கு ஆளானார்கள். சத்துக் குறைவோடு புகையும் மதுவும் அங்கே சேர்ந்திருந்தன. நாட்டு மக்கள் அனைவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரை வழங்கிய பிறகு பாதிப்பு தணிந்தது. ஆரம்பத்தில் கண்டுகொண்டால் திரும்பப் பெறக்கூடிய பார்வை இது.

மறுநாள் விழும் மூடுபனி

எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டியது மெத்தனால். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகேயுள்ள எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டவர்களும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டவர்களும் இறந்ததற்குக் காரணம் இதுதான். பாக்கெட்டில் அடைத்து விற்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால்.

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் நிறத்திலோ மணத்திலோ குடிப்பவர் கண்டுபிடிக்கும்படியான வேறுபாடு இல்லை. மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சுமல்ல. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், உடனே ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் நஞ்சு. அதை வெளியேற்றும் திறன் மனித உடலில் மிகக் குறைவாக இருப்பதால் அது சேர்ந்துகொண்டே போகிறது. உயிரணுக்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் செய்யும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. ஆற்றல் அதிகம் தேவைப்படும் விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் மூச்சு முட்டுகின்றன. இந்த மாற்றங்கள் நடந்து அமிலம் சேர்வதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. குடித்த இரவு போதை வந்து போனதுபோல இருந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, வேலைக்கும் போனவருக்கு மதியத்துக்கு மேல் வயிறு வலித்து, வாந்தி வந்து, மூச்சு வாங்கி, பனி பெய்வதுபோலப் பார்வை வெளிறுவது இதனால்தான். 10 மில்லி தூய மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

சாராயத்தில் எத்தனாலும் கலந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். மெத்தனாலைச் சிதைக்கும் அதே நொதிதான் எத்தனாலையும் சிதைக்கிறது. எத்தனாலைக் கண்டால் அது மெத்தனாலை விட்டுவிடும். எத்தனால் தீர்ந்த பிறகே மெத்தனால் பக்கம் திரும்பும். மருத்துவமனைகளில் இந்தப் பண்பையே மருந்தாக்கிக்கொள்கிறார்கள்: அளந்த எத்தனாலையோ ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ கொடுத்து நொதியைக் கட்டிவைத்துவிட்டு, ரத்தத்தின் புளிப்பைச் சோடியம் பைகார்பனேட்டால் மாற்றி, டயாலிசிஸ் மூலம் மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியேற்றுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, கண் மங்கியவருக்கு வீட்டிலேயே பிராந்தி ஊற்றிக் கொடுப்பது கொலைக்குச் சமம். எத்தனால் நஞ்சைத் தள்ளிப்போடுமே தவிர வெளியேற்றாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அமிலத்தை அது ஒன்றும் செய்யாது.

சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சில நாட்களில் பார்வை ஓரளவு திரும்புகிறது. அதிலும் ஒரு வஞ்சம் உண்டு. திரும்பிய பார்வை அடுத்த சில வாரங்களில், நரம்பு வாடுவதால், மறுபடியும் குறையலாம். அதனால் வார்டை விட்டுப் போனவர்களையும் கண் மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ரத்தத்தில் மெத்தனாலை நேரடியாக அளக்கும் வசதி பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகளில் உடனடியாகக் கிடைக்காது. பணியில் இருக்கும் மருத்துவர் ரத்தத்தின் புளிப்பையும் உப்புகளின் கணக்கையும் பார்த்து, கண் பாவைகள் விரிந்து ஒளிக்கு மந்தமாகச் சுருங்குகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஊகத்தில்தான் சிகிச்சையைத் தொடங்குகிறார். ஆகவே நோயாளியும் உடன் வந்தவர்களும் சொல்லும் செய்திதான் அவருக்குக் கையில் கிடைக்கும் முதல் சான்று: எப்போது குடித்தது, எங்கே வாங்கியது, கண் எப்போது மங்கத் தொடங்கியது. போலீசுக்குப் பயந்து வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொல்லிச் சேர்ந்தால் அந்தச் சில மணி நேரம் வீணாகிறது. அவர் கேட்கும் அடுத்த கேள்வி, அதே பாக்கெட்டிலிருந்து வேறு யாரெல்லாம் குடித்தார்கள் என்பதாக இருக்கும். அவர்கள் வீட்டில் எந்தத் தொல்லையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும், கண் தெளிவாகவே தெரிந்தாலும், அன்றே அழைத்துவரச் சொல்வார். ஏனெனில் அதிகமாக எத்தனாலும் சேர்த்துக் குடித்தவருக்கு அந்த மங்கல் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம்.